அம்மாவின் றலி சைக்கிளுக்கு ஒரு பின் சில்லு

பின் சில்லில் முறிந்திருந்த நாலு கம்பியும் செயின் பக்கத்துக் கம்பிகள். நாலும் முறிந்தது ஒரே இடத்தில், சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பின் தட்டுத் துளைக்குள் நுழைந்து வளைகிற கழுத்தில். நாலு கம்பி மாற்றினால் சரி, பின்னேரத்துக்குள் வீடு வந்து மிச்சச் சட்டைகளைத் தைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். வேலை முடிய மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு இன்னொரு மாலையும் போனது. பழைய 28 அங்குலச் சைக்கிளை இன்னும் வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்று, செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன்.

சைக்கிள் அம்மாவுடையது. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமில் செய்த றலி, பெண்கள் ஓடுகிற வளைந்த சட்டம், கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கிற பழைய பிறேக். அம்மா அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தவர். பல வருசம் அவருக்கு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில்தான் வேலை. குருக்கள்மடத்துத் துறையில் சைக்கிளோடு 'பாதை' என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து வயலோர மண்ரோட்டில் வீடு வீடாகப் போவார். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் எங்கள் வளவுத் தென்னை ஒன்று சைக்கிளின் மேல் விழுந்தது. முன் மட்காட்டில் அந்த மடிப்பு இன்றைக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து குந்துவார். ஹப்பின் நடுவில் ஒரு சின்ன எண்ணெய்த் துளையும், அதை மூடி ஒரு தகட்டு வளையமும் உண்டு. வளையத்தை விரலால் நகர்த்தி இரண்டு சொட்டு விடுவார், பிறகு வளையத்தைத் திரும்ப மூடுவார். மெசின் எண்ணெயின் மணம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். தையல் பழகியது அதற்குப் பல வருசம் கழித்து.

2022இல் பெற்றோல் வரிசை ரோட்டைச் சுற்றி நின்ற நாட்களில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இந்தச் சைக்கிளை இறக்கினேன். பெற்றோலைப் பங்கிடுகிற கியூஆர் முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் விட மனம் வரவில்லை. துணி மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு டவுனுக்கும் கல்லடிக்கும் இதில்தான் போய் வருகிறேன். கம்பி முறிந்ததற்கு அந்த மூட்டைப் பாரம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

சைக்கிள் திருத்துகிறவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற சொல் அது. அவருடைய கடை பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. தகரக் கூரை, ஒட்டுப் பார்க்கிற தண்ணீர்ப் பேசின், சுவரெல்லாம் பழைய ரியூப். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முறிந்த கம்பிகளைப் பார்க்கவே இல்லை. முறியாத கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நெரித்து நெரித்துச் சில்லு முழுக்க ஒரு சுற்று வந்தார்.

"பாரத்தால முறியல்ல தங்கச்சி. இளகித்தான் முறிஞ்சிருக்கு. நெரிச்சுப் பாருங்க."

நெரித்துப் பார்த்தேன். சில கம்பி விறைப்பாக நின்றது, சில கம்பி பழைய கொடிக்கயிறு மாதிரித் தளர்ந்து கிடந்தது. இறுக்கமான கம்பிதான் முறியும், தளர்ந்தது தப்பிக்கும் என்று நினைத்திருந்த எனக்கு அவர் விளக்கினார். சில்லு கிறுகும்போது எந்தக் கம்பி நிலத்தின் பக்கம் வருகிறதோ அதன் இழுவை குறைகிறது, மேலே போனதும் திரும்ப இழுபடுகிறது. நன்றாக இறுக்கிய கம்பிக்கு இழுவை கொஞ்சம் குறைந்து கூடுவதோடு சரி. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். கழுத்து வளைவு அங்கேயே ஆடி ஆடி விட்டுப்போகும். இந்தச் சில்லு ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். 10 கிலோமீற்றருக்கு 4,500 சுற்றுக்கு மேல். ஒரு கம்பியை 4,500 தரம் அப்படி மடித்து நீட்டினால் என்ன ஆகும் என்று, ஊசி முறிகிற தொழிலில் இருக்கிற எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்புறம் ரயரைக் கழற்றி, உள்ளே ரியூப்பைக் காக்கிற துணிப்பட்டியை இழுத்தார். ரிம்மின் உட்பக்கம் முழுக்கத் துரு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். எங்கள் பக்கத்து இரும்பின் கதி அது. வெளியே குரோம் மினுங்கிக்கொண்டிருந்தது. வால்வுத் துளைக்குப் பக்கத்தில் ஸ்குறூட்றைவர் நுனியை வைத்து அமத்தினார். நுனி உள்ளே போனது.

"நாலு கம்பி போட்டுத் தரலாம். ஒரு ரெண்டு மாசம் ஓடும். வேணும் எண்டா இப்பவே போட்டுத் தாறன், காசி வேணா."

"ஏன் காக்கா காசு வேணாம்?"

"அது என்ட வேல எண்டு சொல்ல ஏலாது. சொல்ல ஏலாத வேலைக்கு எப்பிடிக் காசி எடுக்கிற?"

இந்த வார்த்தை அன்றைக்கு என்னை ஏன் அப்படிப் பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கிழமைதான் எனக்குத் துண்டு வேலை தருகிற ஒரு கடைக்காரர், பள்ளிக்கூட யூனிபோம் சட்டைகளின் அடி மடிப்பை ஒரு அங்குலமாக்கச் சொல்லியிருந்தார். நான் எப்போதும் மூன்று அங்குலம் விடுவேன். பிள்ளை வளர வளரத் தாய்மார் மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம், ஒரு சட்டை இரண்டு வருசம் போகும். இரண்டு அங்குலத் துணி மிச்சம் பிடிக்கலாம், நேரமும் மிச்சம், உள்ளுக்கு யார் பார்க்கிற என்று அவர் கேட்டார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். துருப்பிடித்த ரிம்மின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அந்தத் தலையாட்டல்தான் நினைவில் வந்து உறுத்தியது.

புது ரிம், புதுக் கம்பி, பழைய ஹப். அப்படி முடிவானது. கடை நிறைய வேலை இருந்தது. நானே செய்யலாமா, பக்கத்தில் இருந்து சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். காக்கா என் கையைப் பார்த்தார். "தையல் கைதானே. இழுவ தெரியும். செய்யிங்க," என்றார்.

முதல் நாள் கழற்றுகிற வேலை. செயின் ஓடுகிற பின் பல்லுச் சக்கரமான ஃபிரீவீலைக் கழற்றாமல் செயின் பக்கத்துக் கம்பியை வெளியே எடுக்க முடியாது, கம்பித் தலை அதில் தட்டும். மிதிக்க மிதிக்க ஃபிரீவீல் தன்பாட்டில் இறுகிக்கொண்டே போவதால், நாற்பது வருசத்துக்கு மேலாக இறுகியதைச் சாவியால் கழற்ற முடியவில்லை. காக்கா கழற்றுகிற கட்டையை வைஸில் பிடித்து, சில்லைப் படுக்கையாக அதன்மேல் வைத்து, ரிம்மை இரண்டு கையாலும் பஸ் ஸ்டியறிங் மாதிரி இடப்பக்கம் திருப்பச் சொன்னார். மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணித்தியாலம் ஊற வைத்த பிறகு, "டக்" என்று ஒரு சத்தத்தோடு விட்டது.

ஹப்பைத் திறந்தபோதுதான் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தேன். ரிம் உக்கிப்போன அதே சில்லில், ஹப்பின் உள்ளே துரு என்று ஒரு புள்ளி இல்லை. கறுத்த எண்ணெய்ப் பசை இருந்தது. துடைத்தால், போல்ஸ் என்கிற இரும்பு உருண்டைகள் ஓடுகிற கிண்ணம் இரண்டும் கண்ணாடி மாதிரி. அச்சில் ஏறி போல்ஸை அமத்திப் பிடிக்கிற கோன் இரண்டில், செயின் பக்கத்துக் கோனில் மட்டும் சின்னக் குழிகள் விழுந்திருந்தன, அதை மாற்றினோம். கால் அங்குலப் போல்ஸ் ஒரு பக்கத்துக்கு 9, மொத்தம் 18. பார்வைக்குப் பழைய போல்ஸில் அரைவாசி நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பதினெட்டையும் புதிதாகப் போட வேண்டும் என்று காக்கா நின்றார். பழையது மயிரிழை தேய்ந்திருக்கும், புதியதோடு கலந்தால் பாரம் முழுவதையும் புதியதே சுமந்து கிண்ணத்தைத் தின்றுவிடும். கிறீஸை விரலால் கிண்ணத்தில் தடவி, போல்ஸை ஒவ்வொன்றாகப் பதித்து வைத்தேன். ஒரு பக்கம் ஒன்பது வைத்த பிறகு இன்னொன்றுக்கு இடம் இருப்பது போலத் தெரியும். அந்த இடைவெளி இருக்க வேண்டும், நிரப்பக் கூடாது.

புதுக் கம்பி எடுக்கிற நேரத்தில் ஒரு விசயம் கற்றுக்கொண்டேன். ஊசியில் நம்பர் கூடினால் தடிப்பு. சைக்கிள் கம்பியில் நம்பர் கூடினால் மெல்லிசு: 14ஆம் நம்பர் 2 மில்லிமீற்றர், 13ஆம் நம்பர் 2.3. நூலுக்கும் அப்படித்தானே என்று உடனே மனதில் ஏறிவிட்டது. பின் சில்லு பாரம் தாங்குவது, அதனால் தடித்தது எடுத்தோம். நீளத்தைப் பழைய கம்பியை வைத்து ஒத்துப் பார்த்தே வாங்கினோம். பழைய ஆங்கிலேயச் சைக்கிள்களுக்கு முன் சில்லில் 32 கம்பி, பின் சில்லில் 40. ரிம் வாங்கப் போகிறவர்கள் துளையை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். 36 துளை ரிம்தான் கடைகளில் முன்னுக்குத் தொங்கும்.

இரண்டாம் நாள் கம்பி கோர்க்கிற வேலை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், நான் பிழை விட்டதும் இதில்தான்.

ஹப்பின் ஒவ்வொரு தட்டிலும் 20 துளை. முதலில் வலத் தட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக 10 கம்பி. அதில் முதல் கம்பி, ரிம்மில் வால்வுத் துளைக்கு அடுத்த துளையில். அதிலிருந்து நாலு நாலு துளையாக எண்ணி மற்ற ஒன்பதும். பிறகு இடத் தட்டில் 10. இப்போது இருபது கம்பியும் தொளதொளவென்று ஹப்பிலிருந்து நேராக நிற்கும். இந்த இடத்தில் ஹப்பைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்க வேண்டும், கம்பிகள் எல்லாம் ஒரு பக்கம் சாயும். மிச்ச இருபதும் எதிர்ப்பக்கம் சாய்ந்து போகும். ஒவ்வொன்றும் நாலு கம்பியைக் குறுக்கே கடக்கும். மூன்றுக்கு வெளியால் போய், நாலாவதுக்கு உள்ளால் நுழையும். அந்த நாலாவது இடத்தில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தள்ளிப் பிடிப்பதால்தான் ஓட்டத்தில் ஒன்று தளர மற்றது விடாது. பன்பாய் இழைக்கிற கைகளைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மேல், கீழ், மேல், கீழ் என்ற அந்தக் கணக்கு இரும்பில் வந்தது.

அசர்த் தொழுகைக்குப் பாங்கு கேட்டு காக்கா பள்ளிவாசலுக்குப் போன நேரத்தில் நான் பாதியில் இருந்தேன். நிறுத்தாமல் கோர்த்துக்கொண்டே போனேன். அவர் திரும்பி வரும்போது நாற்பதும் கோர்த்து, கம்பி நுனியை ரிம்மில் பிடிக்கிற நாற்பது நிப்பிளும் இரண்டு மூன்று புரி ஏறியிருந்தது. பார்க்க அழகாக, ஒரு பூப்போல இருந்தது. காக்கா சில்லைக் கையில் எடுத்து ஒரு தரம் கிறுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.

"பம்பக் கொண்டு வாங்க தங்கச்சி."

ரயரே போடாத ரிம்முக்கு எதற்குப் பம்ப் என்று யோசித்துக்கொண்டே கொண்டுபோனேன். "காத்தடிக்கிற மாதிரிப் பிடியுங்க." வால்வுத் துளைக்கு நேரே பிடித்தேன். பம்பின் தலை போகவில்லை. துளைக்குச் சரியாக மேலே இரண்டு கம்பிகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து குறுக்கே நின்றன. ஹப்பை முறுக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முறுக்கியிருந்தேன். சரியாகக் கோர்த்த சில்லில் வால்வின் இரு பக்கத்துக் கம்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். அங்கே மட்டும் ஒரு வாசல் திறந்தது போல இடம் இருக்கும். இதைப் படித்த பிறகு உங்கள் வீட்டுச் சைக்கிளைப் போய்ப் பாருங்கள். இத்தனை வருசம் காற்றடித்தும் நான் கவனித்ததே இல்லை.

அந்தச் சில்லு அப்படியே ஓடும். பலத்திலும் குறையில்லை. பம்பின் தலையைச் சரித்துத் திணித்தால் காற்றும் போகும். "இப்பிடியும் ஓடலாம்தானே காக்கா?" என்று கேட்டேன். களைத்துப் போயிருந்தேன், கேட்டேன்.

"ஓடலாம். ஆனா காத்தடிக்கிற நேரமெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

இருபது கம்பியைக் கழற்றினேன். ஹப்பை மறுபக்கம் முறுக்கினேன். திரும்பவும் இருபது, மூன்றுக்கு வெளியால், நாலாவதுக்கு உள்ளால். முடிக்கிறபோது மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இரண்டாம் தரம் கோர்த்தபோது கை எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தானாகப் போனது. முதல் தரம் சரியாக வந்திருந்தால் எனக்குச் சில்லு கிடைத்திருக்கும், வேலை கிடைத்திருக்காது.

மூன்றாம் நாள் இழுவை சரிபார்ப்பது. எல்லா நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய். புரி மறைகிற வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றிவிட்டு, பிறகு வால்விலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று, திரும்ப வால்வுக்கு வந்ததும் இன்னொரு அரைச் சுற்று. இளகியிருக்கிற கம்பியைக் கண்டதும் அதை மட்டும் இறுக்கக் கை துடிக்கும். அந்த ஆசையை அடக்க வேண்டும். கம்பி கொஞ்சம் விறைத்த பிறகுதான் நெளிவு எடுக்கிற வேலை. கவிழ்த்து வைத்த பழைய சைக்கிள் சட்டம் ஒன்றில் சில்லை மாட்டி, என் பையில் இருந்த தையல் சோக்கட்டியை ரிம்முக்குத் தட்டியும் தட்டாமலும் பிடித்துச் சுற்றினால், வெளியே தள்ளி நிற்கிற இடத்தில் கோடு விழும். கோடு வலப்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் இடக் கம்பியைக் கால் சுற்று இறுக்கு, வலக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்து. ஒரு கம்பியில் மட்டும் கை வைக்காதே. ஒரு இடத்தில் பிடித்த நெளிவு அடுத்த இடத்தில் எழும்பும். துணியின் சுருக்கம் அப்படித்தான், ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போய் நிற்கும்.

பக்க நெளிவைப் போலவே மேடு பள்ளத்துக்கும் நேரம் எடுத்தோம். கேபிள் பிறேக் ரிம்மின் இரண்டு கன்னத்தையும் பிடிக்கும். அம்மாவின் சைக்கிளில் இருக்கிற கம்பிப் பிறேக்கின் றப்பர்க் கட்டை ரிம்மின் உள்முகத்தில், ஹப்பைப் பார்க்கிற பக்கத்தில் போய் அமரும். ரிம் வட்டத்தில் ஒரு மேடு இருந்தால் பிறேக் பிடிக்கும்போது "திக், திக்" என்று கையில் அடிக்கும். மேட்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு கம்பியையும் சேர்த்து இறுக்க வேண்டும், பள்ளத்துக்கு இரண்டையும் தளர்த்த வேண்டும்.

அப்புறம் நடுவு. ஃபிரீவீலுக்கு இடம் விடுவதால் ஹப்பின் வலத் தட்டு சைக்கிளின் நடுக்கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலக் கம்பிகளுக்கு இழுவை கூட வேண்டும். காக்கா இதை விளக்கத் தொடங்கியதும் எனக்கு மெசின்தான் கண்ணில் வந்தது. மேல் நூலும் பொபின் நூலும் சரியாக இழுத்தால் முடிச்சு துணியின் நடுவில் மறைந்து நிற்கும். மேல் நூல் இறுகினால் முடிச்சு மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும், தளர்ந்தால் அடியில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். இரண்டு பக்கமும் இழுக்க நடுவில் நிற்பதுதான் ரிம். சொன்னேன். காக்கா அதைப் பிடித்துக்கொண்டார், அதற்குப் பிறகு நடுவு பார்க்கும் போதெல்லாம் "முடிச்சு எங்க நிக்கிது?" என்றே கேட்டார்.

இழுவை ஒத்திருக்கிறதா என்று பார்க்க அவர் விரலை விடக் காதைத்தான் நம்பினார். கம்பியை நகத்தால் சுண்டினால் சத்தம் வரும். வலப்பக்கத்துக் கம்பிகள் ஒரு சுரம், இடப்பக்கத்துக் கம்பிகள் அதைவிடக் கொஞ்சம் கீழே ஒரு சுரம். ஒரு பக்கத்துக் கம்பி இருபதும் ஒரே சத்தம் தர வேண்டும். பகலில் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம். கடை பூட்டுகிற நேரம்வரை காத்திருந்து சுண்டினோம். கல்லடியில் விபுலாநந்த அடிகளின் சமாதியைத் தாண்டித்தான் நான் எப்போதும் டவுனுக்குப் போவேன். வழக்கொழிந்து போன யாழ்களின் நரம்புக் கணக்கைத் திரும்பக் கண்டுபிடிக்க அவர் பல வருசம் உழைத்தார், அந்த யாழ் நூல் வெளிவந்தது 1947இல். நரம்பின் இழுவையும் சத்தமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை, நான் விரலால் உணர்ந்தது தகரக் கொட்டகைக்குள் அன்றைக்குத்தான். பதினேழாவது கம்பி அரைச் சுரம் கீழே போயிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காது சொன்னது.

கடைசியாக ஒரு நுணுக்கம். இது எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். நிப்பிளை இறுக்கும்போது புரியில் பிடிபட்டு, கம்பியும் கூடவே கொஞ்சம் முறுகும். முறுக்கோடு விட்டால், ரோட்டில் முதல் நூறு யார் தூரத்திலேயே அது தளர்ந்து சில்லு திரும்ப நெளியும். அதனால் "காவாசி வேணும் எண்டா அரைவாசிக் கிறுக்குங்க, மறுகா காவாசி திருப்புங்க" என்றார். போய்த் திரும்ப வேண்டும். அப்படிச் செய்த பிறகும் சில்லைப் படுக்க வைத்து, ரிம்மை இரு கையாலும் அமத்தி அமத்திச் சுற்றி வந்தோம். "டிக், டிக்" என்று கேட்டால் எங்கோ முறுக்கு மிச்சம் இருக்கிறது. மூன்றாம் சுற்றில்தான் சத்தம் நின்றது.

கோனை இறுக்குவதிலும் இப்படி ஒரு விட்டுப் பிடிப்பு இருக்கிறது. கையால் ஆட்டினால் துளி ஆட்டம் தெரிகிற அளவில் வைத்து, வெளி நட்டை இறுக்கினால் அந்த ஆட்டம் சரியாகப் போய்விடும். ஆட்டமே இல்லாமல் வைத்து நட்டை இறுக்கினால் போல்ஸ் நெரிபடும். அதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை, ரயரும் ரியூப்பும் போட்டு, செயின் மாட்டாமல், வால்வை மேலே கொண்டுவந்து கையை எடுப்பது. தள்ளக் கூடாது, சும்மா கையை எடுக்க வேண்டும். வால்வின் அந்தச் சின்னப் பாரத்துக்குச் சில்லு தானாக அசைய வேண்டும்.

கையை எடுத்தேன். ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, வால்வு வலப்பக்கம் சரிந்து கீழே இறங்கி, அடியைத் தாண்டி மறுபக்கம் ஏறி, தயங்கி, திரும்பி வந்தது. ஊஞ்சல் மாதிரி. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் குறைவாக. நாங்கள் இரண்டு பேரும் அது நிற்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நேர் கீழே வந்து நின்றது. காக்கா ஒரு துணியை எடுத்து, என் சோக்கட்டிக் கோடுகளை ரிம்மிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா திண்ணையில் இருந்தார். இப்போது அவரால் சைக்கிள் ஓட முடியாது, முழங்கால் விடாது. எழும்பி வந்து புது ரிம்மைப் பார்க்கவில்லை, மினுங்குகிற கம்பியையும் பார்க்கவில்லை. குனிந்து, ஹப்பின் நடுவில் விரலை வைத்து அந்தத் தகட்டு வளையத்தை நகர்த்தினார்.

"எண்ணெய் விட்டயா?"

"கிறீஸ் போட்டிருக்கு அம்மா."

"கிறீஸ் இருக்கட்டும், நீ எண்ணெய் விடு." மெசின் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தேன். இரண்டு சொட்டு. வளையத்தை அவரே மூடினார்.

கடைக்காரரிடம் ஒப்புக்கொண்ட சட்டைகளை அவர் சொன்ன ஒரு அங்குலத்திலேயே தைத்து முடித்துக் கொடுத்தேன், வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த கட்டுத் துணியை அவர் எடுத்து வைத்தபோது, மூன்று அங்குலம் என்றால் தைக்கிறேன் என்றேன். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். வருமானத்தில் அது ஒரு அடிதான். இப்போது நேரே வீட்டுக்கு வந்து அளவு கொடுக்கிற தாய்மாருக்குத்தான் தைக்கிறேன். மடிப்பைத் தைத்து முடித்ததும் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, அடுத்த வருசம் எங்கே பிரித்து இறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்புகிறேன்.

புதுச் சில்லை ஒரு பத்து நாள் ஓடிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று காக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கம்பித் தலைகள் தட்டில் பதிந்து, இழுவை கொஞ்சம் இறங்கும். அந்தப் பத்து நாளும் கல்லடிப் பாலத்தைப் பழையதன் மேலாலேயே கடந்தேன். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், புதுப் பாலம் 2013இல் திறந்த பிறகு அதில் வாகன நெருக்கடி இல்லை. அங்கே சில்லின் சத்தம் தெளிவாகக் கேட்கும். சத்தம் இல்லை என்பதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

பதினோராம் நாள் பின்னேரம் கடைக்குப் போனேன். காக்கா சுண்டிப் பார்த்து, இடப்பக்கம் மூன்று கம்பியும் வலப்பக்கம் ஒரு கம்பியும் இறங்கியிருப்பதைக் காட்டினார். நானே பிடித்தேன், அரைவாசி போய்க் காவாசி திரும்பி. அந்த நேரம் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன், குழியில் விழுந்து எட்டுப் போல வளைந்த முன் சில்லோடு வந்து நின்றான். ரிம் போய்விட்டது, புதுசு கோர்க்க வேண்டும். காக்கா ஒரு ஒட்டுக்குப் பசை காயவிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே நிப்பிள் சாவியை என் பக்கம் நீட்டினார்.

புது ரிம்மை மடியில் வைத்துத் திருப்பி, முதலில் வால்வுத் துளை எங்கே என்று பார்த்தேன்.